திருச்சபையும் நியாயமும்

மதகுருவுக்கு அரசியலில் என்ன வேலை என்ற கேள்வியை ஆளுவோர் அடிக்கடி எழுப்புவதுண்டு. அவர்கள் அதை எழுப்பும் சமயம் எதுவென்று கவனித்தால் அதன் உட்கருத்து எளிதில் விளங்கிவிடும். குருவானவர் தங்கள் சட்டத்தை ஆசீர்வதிக்கும்போது அவர் செய்வது சன்மார்க்க உபதேசம். அதே சட்டத்தைக் கண்டிக்கும்போது மட்டுமே அது அரசியலாகிவிடுகிறது. ஆகவே, மதஸ்தாபனம் அரசியலில் தலையிடலாமா என்று கேட்பது வீண். அது எப்பொழுதும் தலையிட்டே வந்திருக்கிறது. மௌனமாயிருந்த காலத்திலும் அந்த மௌனம் யாரோ ஒருவருக்கு அநுகூலமாகவே இருந்தது. யார் பக்கம் தலையிட்டது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்பனவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

கிறிஸ்தவ சபை சமூக நியாயத்துக்குத் துணையா, தடையா என்னும் வழக்கை விசாரிப்பதற்குத் தென்னாப்பிரிக்காவைக் காட்டிலும் தகுந்த சாட்சி கிடைப்பது அரிது. அங்கே நிறபேதச் சட்டங்களை இயற்றியவர்களும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனார்கள். அச்சட்டங்களால் வீடும் நிலமும் இழந்தவர்களும் போனார்கள். இருதரப்பாரும் விரித்துப் படித்த வேதப் புத்தகம் ஒன்றே. 1948-ல் தொடங்கி 1994-ல் முடிவடைந்த அந்த ஆட்சியின் வரலாற்றை நாம் இன்று நினைவூட்டுவது பழங்கதை பேசுவதற்காக அன்று. ஒரு மதஸ்தாபனம் நியாயத்தின் பக்கம் நிற்கிறதா என்று அறிய மூன்று பரீட்சைகள் உண்டு. தன் வீட்டுக்குள்ளேயே நியாயம் செய்கிறதா என்பது ஒன்று. பகைமை பாராட்டும் ஆட்சியின் முன் வாய் திறக்கிறதா என்பது மற்றொன்று. தன்னோடு தோள்கொடுத்துப் போராடிய நண்பர்கள் ஆட்சிக்கு வந்தபின்னும் அதே வாயைத் திறக்கிறதா என்பது மூன்றாவது. தென்னாப்பிரிக்கச் சபை இம்மூன்றையும் எதிர்கொண்டது. அது எதில் தேறியது, எதில் தவறியது என்பதை அரசியல் ஊழியர் அனைவரும் அறிதல் நலம்.

முதலில் வீட்டுக்குள் நடந்ததைப் பார்ப்போம். கேப் பிரதேசத்தில் டச்சுக் குடியேற்றக்காரர்களின் சீர்திருத்த சபை வலிமை மிக்கது. அதன் சினாடு என்னும் பேரவை, இராப்போஜனப் பந்தியில் நிறவேற்றுமை கூடாதென்று 1829-ல் தீர்மானித்திருந்தது. ஆனால் கறுத்த கிறிஸ்தவரோடு ஒரே பந்தியில் அமர வெள்ளையர் சிலர் மனங்கூசினார்கள். 1857-ல் பேரவை மறுபடியும் கூடியது. எல்லோரும் ஒரே சபையில் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு இசைந்ததென்று அது ஒப்புக்கொண்டது. ஆயினும், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, வேண்டிய இடங்களில் தனிக் கட்டிடத்தில் தனி வழிபாடு நடத்தலாமென்று அநுமதி அளித்துவிட்டது.

இந்த வாசகத்தை ஒரு வக்கீலின் கண்கொண்டு பார்க்கவேண்டும். கொள்கை மறுக்கப்படவில்லை, விலக்கு ஒன்று சேர்க்கப்பட்டது, அவ்வளவே. நியாயம் பெரும்பாலும் இவ்விதமே தோற்கிறது. நேர்முகமாக அதை எதிர்ப்பவர் சிலர். "ஆயினும்" என்ற ஒரு சொல்லால் அதை அடக்கம் செய்பவர் பலர். சாய்ந்தவனுக்கு ஊன்றுகோல் கொடுப்பதுபோல் கொடுக்கப்பட்ட சலுகை, இருபத்துநான்கு ஆண்டுகளுக்குள் மதில் ஆகிவிட்டது. 1881-ல் கலப்பினத்தவருக்கென்று தனியானதொரு மிஷன் சபையே ஏற்படுத்தப்பட்டது. பிறகு கறுப்பருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என்று சபைகள் கிளைத்தன. பலவீனம் யாருடையது என்பதையும் கவனியுங்கள். அதைக் கொண்டவர் வெள்ளையர். அதன் தண்டனையை அநுபவித்தவர் கறுப்பர்.

1948-ல் தேசியக் கட்சியின் தலைவராகப் பிரதம மந்திரி பதவி ஏற்ற டி. எப். மாலன், அதே சீர்திருத்த சபையில் போதகராயிருந்தவர். பின்னர் பத்திரிகாசிரியராகி, அதன்பின் அரசியல்வாதியானவர். அவரது சர்க்கார் கலப்பு மணங்களை 1949-ல் தடுத்தது. 1950-ல் மனிதரை நிறவாரியாகப் பதிவு செய்யும் சட்டத்தையும், இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாமென்னும் சட்டத்தையும் கொண்டுவந்தது. இவை புதியனவாகத் தோன்றினும் புதியன அல்ல. கோயிலுக்குள் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்து காட்டிய ஏற்பாடு, நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. பீடத்தினருகே பிரிந்திருக்கலாமென்றால் கடைத்தெருவில் ஏன் பிரிந்திருக்கலாகாது என்று கேட்டவனுக்கு அந்தச் சபையிடம் பதில் இல்லை. முதற் பரீட்சையில் அது தோற்ற விதம் இது.

ஆயினும் சபையென்பது ஒரு பேரவையின் தீர்மானம் மாத்திரம் அன்று. இங்கே தமிழருக்கு நெருங்கிய உறவுடைய இரு பாதிரிமாரை நாம் நன்றியுடன் குறிப்பிடவேண்டும். 1908 பிப்ரவரியில் ஜோகானஸ்பர்க் வீதியில் காந்தியடிகள் தாக்கப்பட்டு வீழ்ந்தபோது, அவரைத் தம் இல்லத்துக்கு எடுத்துச் சென்று பேணியவர் ஜோசப் டோக் என்னும் பாப்டிஸ்டுப் போதகர். மறு ஆண்டில் வெளிவந்த காந்தியடிகளின் முதல் வாழ்க்கை வரலாறு அவர் எழுதியதே. 1946-ல் இந்தியரின் நிலவுரிமையை ஒடுக்கும் சட்டத்தை எதிர்த்து டர்பனில் நம்மவர் சாத்விக எதிர்ப்பில் இறங்கினர். டாக்டர் நாய்க்கரும் டாக்டர் தாதூவும் தலைமை வகித்த அவ்வியக்கத்தில் தமிழ்த் தொழிலாளரின் மக்கள் திரளாகச் சிறை புகுந்தார்கள். அவர்களுடன் சேர்ந்து மூன்று மாதம் சிறையிலிருந்தவர் மைக்கேல் ஸ்காட் என்னும் ஆங்கிலிக்கன் பாதிரியார். தம் மதத்தவரல்லாத, தம் நிறத்தவரல்லாத ஜனங்களுக்காக அவர் சிறை சென்றார். அவரைப் போகச்சொல்லி எந்தப் பேரவையும் தீர்மானம் செய்யவில்லை.

இரண்டாவது பரீட்சை 1950-களில் கடுமையாயிற்று. அதுவரை கறுப்பர் கல்வியின் பெரும்பகுதி மிஷன் பள்ளிக்கூடங்களின் கையில் இருந்தது. 1953-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் அப்பள்ளிகளைச் சர்க்கார் வசமாக்க முற்பட்டது. கறுப்பரை ஊழியம் செய்வதற்கு மட்டும் பழக்குவதே அச்சட்டத்தின் நோக்கம் என்பது வெளிப்படை. ஜோகானஸ்பர்க் ஆங்கிலிக்கன் பிஷப் ஆம்புரோஸ் ரீவ்ஸ், பள்ளிகளை ஒப்படைப்பதைவிட மூடுவதே மேல் என்றார். கத்தோலிக்க சபை சர்க்கார் மானியத்தை இழந்தும் தன் பள்ளிகளை நடத்தத் துணிந்தது. வேறு சபைகள் பல, பிள்ளைகள் தெருவில் நிற்கலாகாதே என்று எண்ணி ஒப்படைத்துவிட்டன. இவற்றில் எது சரியென்று தூரத்திலிருந்து தீர்ப்பளிப்பது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். அநீதியான அரசு நல்லவர்களுக்கு நல்வழியொன்றையும் விட்டுவைப்பதில்லை என்பதை மட்டும் சொல்லுவோம்.

1957-ல் சர்க்கார் கோயில் வாசலுக்கே வந்துவிட்டது. வெள்ளையர் பகுதியிலுள்ள கோயிலுக்குக் கறுப்பர் வருவதைத் தடுக்க மந்திரிக்கு அதிகாரம் அளிக்கும் மசோதா தயாராயிற்று. கேப் டவுன் ஆர்ச்பிஷப் ஜெப்ரி கிளேட்டன் துடுக்கான மனிதர் அல்லர். சட்டத்தை மீறுவதை விரும்பாதவர். ஆனால் இச்சட்டம் நிறைவேறினால் தாமும் கீழ்ப்படிய இயலாது, தம் மக்களைக் கீழ்ப்படியச் சொல்லவும் இயலாது என்று பிரதம மந்திரிக்கு எழுதிய கடிதத்தில் மார்ச்சு 6-ல் கையொப்பமிட்டார். மறுநாள் அவர் காலமானார். சாமானிய மனிதர் ஒருவருடைய மனச்சாட்சி எவ்வளவு பாரம் சுமந்திருந்தது என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் உருகுகிறது.

1960 மார்ச்சு 21-ல் ஷார்ப்வில்லில் போலீஸார் சுட்டதில், சர்க்கார் கணக்கிலேயே 69 பேர் மாண்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் காட்டஸ்லோ என்னுமிடத்தில் உலகச் சபைகளின் மன்றம் கூட்டிய மாநாட்டில் சீர்திருத்த சபையின் பிரதிநிதிகளும் கலந்துகொண்டனர். நிறபேதத்தின் ஆணிவேரை அசைக்கும் தீர்மானங்களுக்கு அவர்களில் பெரும்பாலோர் இணங்கினர். பிரதம மந்திரி வெர்வர்டு சீறினார். உடனே அவர்களுடைய பேரவைகள் அத்தீர்மானங்களைக் கைவிட்டன. கைவிட மறுத்தவருள் தலையாயவர் பெயர்ஸ் நௌடே. ஆட்சியாளரை ஆட்டிவைத்த இரகசியச் சகோதர சங்கத்தின் ஸ்தாபகருள் ஒருவர் அவரது தந்தை. அவரும் அதன் அங்கத்தினர். உயர்ந்த பதவிகள் அவருக்காகக் காத்திருந்தன. அவற்றையெல்லாம் உதறி, 1963-ல் எல்லா நிறத்தாரும் சேர்ந்த கிறிஸ்தவக் கழகத்தின் தலைமையை ஏற்றார். குருத்துவ உரிமையை இழந்தார். சொந்த ஜனங்களால் துரோகி எனப்பட்டார். 1977-ல் சர்க்கார் அக்கழகத்தைத் தடை செய்து, அவரையும் பொதுவாழ்விலிருந்து ஏழாண்டு ஒதுக்கி வைத்தது. அடிமைப்பட்டவன் எழுவது இயற்கை. ஆளும் வகுப்பில் பிறந்தவன் அதைவிட்டு இறங்கி வருவதே அருமை.

இதன்பின் நடந்தவை உலகறிந்தவை. 1978-ல் டெஸ்மண்டு டூட்டு தென்னாப்பிரிக்கச் சபைகளின் மன்றத்துக்குக் காரியதரிசியானார். கட்சிகள் தடை செய்யப்பட்டு, தலைவர்கள் ராபன் தீவில் அடைபட்டிருந்த காலம் அது. பேசுவதற்கு மேடையற்ற ஜனங்களுக்குப் பிரசங்க பீடமே மேடையாயிற்று. இறந்தோரை அடக்கம் செய்யும் சடங்கே பொதுக்கூட்டமாயிற்று. 1982-ல் ஒட்டாவா நகரில் கூடிய உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டுறவு, நிறபேதத்துக்கு வேத ஆதாரம் தேடுவது கள்ளப் போதனை என்று பிரகடனம் செய்து, வெள்ளையரின் சீர்திருத்த சபையை விலக்கி வைத்தது. 1984-ல் டூட்டுவுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. 1988 ஆகஸ்டில் மன்றத்தின் தலைமையகம் வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. அதை வைக்கச் செய்தது சர்க்காரின் போலீஸ் இலாகாவே என்பது பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆளுவோர் ஒரு மதஸ்தாபனத்தைக் கண்டு அஞ்சினார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

எனினும், ஆங்கிலம் பேசும் சபைகள் அனைத்தும் இப்பரீட்சையில் தேறிவிட்டன என்று நாம் சொல்லவில்லை. 1985-ல், அவசரச் சட்டம் அமுலில் இருந்தபோது, குருமாரும் பிறரும் சொவேட்டோவில் கூடி "கைராஸ்" அறிக்கை என்ற ஒன்றை வெளியிட்டனர். அது சர்க்காருக்குத் துதிபாடிய மதபோதனையைச் சாடியதில் வியப்பில்லை. வியப்பு யாதெனில், நல்லெண்ணம் கொண்ட சபைகளையும் அது விடவில்லை. அச்சபைகள் சமாதானம் என்றன, சமரசம் என்றன, அஹிம்சை என்றன. இரு கட்சியாரும் சமபலமுள்ளவர்போல் பாவித்து, இருவருக்கும் ஒரே புத்திமதி கூறின. உதைப்பவனையும் உதைபடுபவனையும் அழைத்து, கைகுலுக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லுவது நடுநிலைமை அன்று. கால் கழுத்தின்மேல் இருக்கும்வரை சமரசம் இல்லை. காலை எடுத்தபிறகே அந்தப் பேச்சு. தென்னாப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் தங்கள் சபையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி எழுதிய இவ்வறிக்கையை, சர்க்காரை எதிர்த்து அவர்கள் நிறைவேற்றிய எந்தத் தீர்மானத்தைக் காட்டிலும் உயர்ந்ததாக நாம் கருதுகிறோம்.

அந்தத் தன்குற்ற உணர்ச்சி மெல்லப் பரவிற்று. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் மாநாட்டில் வில்லி யாங்கர் என்னும் சீர்திருத்த சபைப் பேராசிரியர் எழுந்து, தம் பாவத்தையும் தம் ஜனங்களின் பாவத்தையும் வெளிப்படையாக அறிக்கையிட்டார். டூட்டு எழுந்து மன்னிப்பு வழங்கினார். 2006-ல், பழைய போலீஸ் மந்திரி ஏட்ரியன் விளாக், சபைகளின் மன்றத்துக் காரியதரிசியாயிருந்த பிராங்க் சிகானேயிடம் சென்று அவர் பாதங்களைக் கழுவினார். சிகானேயைத் துணிமணிகளில் விஷம் தடவிக் கொல்ல 1989-ல் முயற்சி நடந்திருந்தது. மறு ஆண்டு விளாக் நீதிஸ்தலத்திலும் அக்குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாதம் கழுவியதோடு நின்றிருந்தால் அது பக்திக் காட்சியாக முடிந்திருக்கும். சட்டத்தின் முன்னும் தலைவணங்கியபோதே அதற்கு மதிப்பு ஏற்பட்டது.

இனி மூன்றாவது பரீட்சை. 1994-ல் விடுதலை வந்தது. 1995-ல் உண்மை, சமரச விசாரணைக் கமிஷனுக்கு டூட்டு தலைவரானார். சபைகளே 1997-ல் அக்கமிஷன் முன் வந்து தங்கள் குறைகளைக் கூறின. ஆனால் உண்மை வெளிவந்த அளவுக்குப் பரிகாரம் வரவில்லை. துன்புற்றோராக ஏற்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 30,000 ராண்டு ஒருமுறை கொடுத்துப் புதிய சர்க்கார் கணக்கை முடித்துக்கொண்டது. கமிஷன் சிபாரிசு செய்தது அதைவிட அதிகம். அதே சமயத்தில் சபைத் தலைவர் பலர் அரசாங்கப் பதவிகளில் அமர்ந்தார்கள். மன்றத்துக்கு வந்த வெளிநாட்டு நிதி வற்றியது. நேற்றுவரை சிறைவாசலில் உடன் நின்றவர் இன்று மந்திரி. அவரை எவ்வாறு கடிந்துகொள்வது? இந்தத் தயக்கத்தைச் சுதந்தரம் பெற்ற எந்தத் தேசத்துத் தொண்டனும் அறிவான்.

அந்தத் தயக்கத்தையும் டூட்டு அறுத்தெறிந்தார். 2011-ல் அவரது எண்பதாவது பிறந்தநாளுக்கு வர விரும்பிய தலாய் லாமாவுக்கு உரிய காலத்தில் அநுமதிச்சீட்டு கிடைக்கவில்லை. பழைய நிறபேத ஆட்சி வீழப் பிரார்த்தித்ததுபோல் இந்த ஆட்சியும் வீழப் பிரார்த்திக்கும் நாள் வரும் என்று அவர் பகிரங்கமாக எச்சரித்தார். 2016-ல், ஜேக்கப் ஜூமா ஜனாதிபதியாயிருந்தபோது, சபைகளின் மன்றம், மனச்சுமை இறக்கும் குழு ஒன்றை அமைத்தது. சர்க்கார் பணத்தையும் பதவியையும் சிலர் சூறையாடுவதைக் கண்டும் சொல்ல அஞ்சியிருந்த உத்தியோகஸ்தர்கள் அங்கே வந்து மனந்திறந்தார்கள். அவர்கள் சொன்னதன் சாரத்தை மன்றம் 2017 மே மாதத்தில் நாட்டுக்கு அறிவித்தது. நீதிபதி ஒருவர் தலைமையில் அரசாங்க விசாரணைக் கமிஷன் 2018-ல்தான் அமர்ந்தது. தாமதமாயினும் சபை தன் கடமைக்குத் திரும்பியது.

வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. டூட்டு 2021 டிசம்பர் 26-ல் காலமானார். 1857-ல் பிரிந்த பந்தி இன்னும் ஒன்றாகவில்லை. கலப்பினத்தாரும் கறுப்பரும் 1994-ல் சேர்ந்து ஐக்கிய சபை கண்டார்கள். ஒற்றுமையையும் நியாயத்தையும் விசுவாசத்தின் அங்கமாகப் பிரகடனம் செய்யும் பெல்ஹார் அறிக்கையை ஏற்றுக்கொண்டு வாருங்கள் என்று அவர்கள் தாய்ச்சபையை அழைத்துவருகிறார்கள். தாய்ச்சபை நிறபேதம் பாவமென்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஆயினும் அவ்வறிக்கையை முழுமனதாக ஏற்கத் தயங்கியே வந்திருக்கிறது. பாராளுமன்றம் நீக்கிய சுவரைக் கோயில் இன்னும் நீக்கி முடிக்கவில்லை. உள்ளே எழும்பிய அநீதி வெளியே பரவ ஒரு நூற்றாண்டு போதும். அது உள்ளிருந்து நீங்க ஒரு நூற்றாண்டு போதாது.

தூரதேசத்துக் கதையை இவ்வளவு விரித்தது ஏன் என்று வாசகர் கேட்கலாம். சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு என்னும் அச்சொற்கள் நம் காதுக்குப் புதியனவா? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அதைப் பாதிரிமார் அகற்றியபோது, சுவரை மறுபடி எழுப்பித் தரவேண்டுமென்று சில சாதியார் நீதிஸ்தலம் ஏறினார்கள். சென்னை ஹைகோர்ட்டு அப்படியொரு உரிமை இல்லையென்று தள்ளிவிட்டது. அது நடந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்றும் தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. இதைப் படித்து மற்ற மதத்தவர் நகைக்க வேண்டாம். சபைக்குள் வந்த அந்தச் சுவர் நம் தெருவிலிருந்து போனதே.

ஆதலின், மதஸ்தாபனம் எதுவாயினும் சரி, அரசியல் ஸ்தாபனம் எதுவாயினும் சரி, அதை அதன் பிரசங்கத்தால் அளவிடாதீர்கள். அதன் பந்தியில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். பகைவர் ஆளும்போது அது பேசியதையும், நண்பர் ஆளும்போது அது பேசுவதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் அதற்கு வணக்கம் செலுத்துங்கள். ஒவ்வாதிருந்தால் அங்கத்தினராகிய நீங்களே எழுந்து கேளுங்கள். நௌடேயைப் போலத் தம்மவர் நடுவில் எழுந்து கேட்பவர் இல்லாத சபைக்கும் கட்சிக்கும், நியாயத்தைப் பற்றி ஊராருக்கு உபதேசிக்கும் யோக்கியதை இல்லை.